இறக்கத்தில் நியூட்ரல்

இடது முழங்கால்தான். கொடைக்கானல் டிரிப் முடித்து ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன், காலை ஊன்ற முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் சில்லுக்குக் கீழே திருப்புளியை விட்டுத் திருகுவதுபோல வலித்தது. பதினாறு வருடம் கிளட்ச் மிதித்த கால். அதற்கு முன்பு ஒன்பது வருடம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கிய கால்.

பக்கத்தில் அக்மலின் வண்டி வந்து நின்றது. வந்த சத்தமே இல்லை. டயரில் ஒட்டியிருந்த கல் தரையில் நெரிபட்டதுதான் காதில் விழுந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். இடது காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்திருந்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து முப்பது கிலோமீட்டரை ஒற்றைக் காலால் ஓட்டி வந்திருக்கிறான்.

"என்ன மாப்ள, கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறே?"

"ஒன்னுமில்ல. மரத்துப் போச்சு."

"எனக்கும் அப்பிடித்தேன இருந்துச்சு. ஆறு மாசமாக் கிளட்சே மிதிக்கலைல, வலி போன எடம் தெரியல. ரெண்டு வருசமாப் பள்ளிவாசல்ல சேர் போட்டுத்தேன் தொழுதுக்கிட்டு இருந்தேன். இப்பக் கீழ மண்டி போட்டு உக்காருறேன். தொழ வைக்கிற அசரத்து கூடக் கேட்டாரு, என்ன வைத்தியம் பாத்தேன்னு. எலெக்ட்ரிக் வைத்தியம்னேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

எனக்கும் அக்மலுக்கும் மார்க்கெட்டில் வந்தது ஒரே வலி. இரண்டு பேரும் ஒரே லாரிக்குத்தான் லோடு ஏற்றுவோம். ஒரே மாதம் லைசென்ஸ் எடுத்தோம். பழைய டீசல் கார் ஆளுக்கொன்று வாங்கி, திண்டுக்கல் ஸ்டாண்டில் ஒரே நாளில் பெயர் கொடுத்தோம். இத்தனை வருடமும் அவனுக்கு ஒரு டிரிப் என்றால் எனக்கும் ஒரு டிரிப், அவனுக்கு ஒரு டியூ பாக்கி என்றால் எனக்கும் ஒன்று. போன வருடக் கடைசியில் அவன் டீசலை விற்றான், லோன் போட்டு எலெக்ட்ரிக் டாக்ஸி வாங்கினான். அன்றிலிருந்து கணக்கு கோணிவிட்டது.

ஸ்டாண்டில் பதினொரு வண்டி. பத்து டீசலுக்கு நடுவில் அது ஒன்று. முதல் ஒரு மாதம் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. மூத்த டிரைவர் நூர் அகமது அதைப் பொம்மைக் கார் என்றே கூப்பிடுவார். "எஞ்சின் சத்தம் இல்லாத வண்டி என்னடா வண்டி? நாடி புடிச்சுப் பாக்க ஏலாத நோயாளி மாதிரி. நோய் வந்தா எப்பிடித் தெரியும்?"

"நோயே வராது மாமா. ஆயில் இல்ல, பெல்ட் இல்ல, இஞ்செக்டர் இல்ல" என்பான் அக்மல்.

"பேட்டரி போகும்லடா. எட்டு வருசங் கழிச்சு மாத்தணும்னா கார் வெலையில பாதி கேப்பான். அப்ப ஒம் மகனுக்குக் கல்யாணம் வச்சிருப்பே."

"ஒங்க வண்டிக்குப் போன வருசம் மட்டும் டீசல் எம்புட்டுப் போட்டீகன்னு சொல்லுங்க. நான் ரெண்டு பேட்டரி வாங்கித் தாரேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் நூர் அகமது பக்கம்தான் பேசுவேன். மேட்டில் ஏறாது, மழைத்தண்ணீரில் நின்றால் ஷாக் அடிக்கும், வெயிலில் தீப்பிடிக்கும் என்று போனில் பார்த்ததையெல்லாம் எடுத்துவிடுவேன். அக்மல் எதற்கும் கோபப்படமாட்டான். கிலோமீட்டருக்கு அவனுக்கு ஆகிற செலவு ஒன்றேகால் ரூபாய். எனக்குத் தரையில் ஐந்து, மலையில் ஏழு. இதை அவன் ஒரு தடவைதான் சொன்னான். எனக்கு மறக்கவே இல்லை. தெரு முக்கில் திரும்பும்போதெல்லாம் ஐந்து, ஒன்றேகால், ஐந்து, ஒன்றேகால் என்று மண்டைக்குள் ஓடும்.

வீட்டில் அறிவுச்செல்வி என் முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிடும்போது, அக்மல் தரையில் உட்கார்ந்து தொழுகிறானாம் என்று சொன்னேன்.

"நல்லதுதான" என்றாள்.

"நல்லதுதேன். யாரு இல்லன்னா?"

"அவருக்குக் கால் நல்லானா ஒங்களுக்கு ஏன் கூடுதலா வலிக்குது?"

காலை இழுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு நிரந்தர டிரிப் இருந்தது. சிறுமலையில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி நடத்துகிறது. டாக்டர் தேவதர்ஷினி வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, திண்டுக்கல்லில் இருந்து மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாதம் பன்னிரண்டு டிரிப். ஆறு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். கொடைக்கானல் சீசன் இருக்கும் போகும், கல்யாண முகூர்த்தம் இருக்கும் போகும். அந்தப் பன்னிரண்டு டிரிப் இருந்ததால்தான் என் வண்டி டியூ தவறாமல் போனது. அது போனால் நான் வண்டியை விற்றுவிட்டுத் திரும்ப மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். இந்தக் காலை வைத்துக்கொண்டு யார் மூட்டை கொடுப்பார்கள்?

ஆடி மாதம் டாக்டரம்மா வண்டியில் வரும்போது சொன்னார். "பொன்னழகண்ணே, டிரஸ்ட்ல வண்டிச் செலவக் குறைக்கச் சொல்றாங்க. எலெக்ட்ரிக் வண்டி இருந்தாப் பாருங்கன்னு லெட்டர் வந்திருக்கு. உங்க ஸ்டாண்டுல ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு மேடம். ஆனா மலைக்கு அது சரிப்படாது."

"ஒரு தடவ பாத்துருவோம். கிளம்பும்போது சார்ஜ் எத்தன பெர்சென்ட், திரும்பி வரும்போது எத்தனன்னு எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. சரியா வந்தா அதையே வச்சுக்கலாம்னு."

அன்று சாயங்காலம் அக்மலே என்னைத் தேடி வந்தான். டாக்டர் போன் செய்திருக்கிறார்.

"மாப்ள, ஒன்னக் கேக்காம நான் சரின்னு சொல்லல. நீ வேணாம்னா வேணாம்."

எப்படி வேண்டாம் என்பது? ஸ்டாண்டில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "எனக்கென்ன, போ" என்றேன்.

"பன்னெண்டுல எட்டு நான் ஓட்டுறேன். நாலு என் வண்டிய எடுத்து நீ ஓட்டு. கரண்டுக் காசு மட்டும் குடு. வாடகையெல்லாம் வேணாம். ஒன் காலுக்கும் செத்த ஓய்வு கெடைக்கும்."

அவன் மனதாரத்தான் சொன்னான். எனக்கு அது செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. என் டிரிப்பில் எனக்கே நாலு பிச்சை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டேன்.

சோதனை ஓட்டம் ஒரு வியாழக்கிழமை. அன்று காலை ஆறு மணிக்கு அக்மல் என் வீட்டு வாசலில் நின்றான். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, முகத்தில் பதற்றம்.

"கீரனூர்ல இருந்து பாஸிலாவப் பொண்ணு பாக்க வாராக. ஞாயித்துக்கெழமன்னு சொல்லியிருந்தாக, மாப்பிள்ள ஊருக்குப் போறாராம், இன்னைக்கே வாரோம்னு நேத்து ராத்திரி போன். பெத்த அத்தா நான் இல்லாம எப்பிடி? டாக்டர்ட்ட நாள் மாத்துங்கன்னு கேக்கவும் ஏலாது, இன்னைக்கே பேப்பர் அனுப்பணுமாம். நீ ஓட்டு மாப்ள."

"நானா?"

"வேற ஒருத்தன்ட்ட சாவி குடுக்க மனசு வரல. சிறுமலை ஒனக்குத்தேன மனப்பாடம்."

சாவி என்று பெயர்தான், சின்ன பிளாஸ்டிக் வில்லை. உள்ளங்கையில் வைத்தான். வண்டிக்குள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். கியர் கம்பி கிடையாது. இடது கைப் பக்கம் ஒரு திருகு. டி போட்டால் முன்னால் போகும், ஆர் போட்டால் பின்னால், நடுவில் 'என்' போட்டால் நியூட்ரல்.

"நேத்துக் காத்துல எங்க தெருவுல மரம் சாஞ்சு ராத்திரி பூரா கரண்ட் இல்ல. நாப்பத்தாறுதேன் இருக்கு. பயப்படாத. மேல போக இருபத்தெட்டுப் போகும். அங்கிட்டு இங்கிட்டுச் சுத்த ஒரு நாலு. எறங்கும்போது ஏழு திரும்ப ஏறும். கால எடுத்தாப் போதும், மோட்டாரே வண்டியப் புடிச்சுக்கிரும், புடிக்கப் புடிக்க பேட்டரிக்குச் சார்ஜ் போகும். பிரேக்கே தொட வேணாம். டி-யிலயே எறக்கு. கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன். பாதிதான் கேட்டேன். மீதி நேரம் இடது காலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் மிதி எதுவும் இல்லை. வெறும் தரை.

ஏழரை மணிக்கு டாக்டரம்மாவை ஏற்றினேன். அவர் கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, "எத்தனண்ணே?" என்று கேட்டு நாற்பத்தாறு என்று எழுதிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது அந்த வண்டி எனக்குப் பிடித்துப் போனது. செக்போஸ்ட் தாண்டி முதல் கொண்டை ஊசியில் என் டீசல் முனகும். இரண்டாவது கியருக்கு இறக்கி, பாதிக் கிளட்சில் பிடித்து, முழங்கால் நடுங்க நடுங்கத் திருப்ப வேண்டும். இது ஒன்றும் கேட்கவில்லை. வலது காலை லேசாக அழுத்தினேன், போனது. இன்னும் அழுத்தினேன், முதுகைச் சீட்டோடு தள்ளிக்கொண்டு போனது. பதினெட்டு வளைவையும் ஏறி முடித்தபோது என் இடது கால் தூங்கிப்போயிருந்தது. பத்து வருடத்தில் மலை ஏறி அந்தக் கால் வலிக்காத முதல் நாள்.

அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இதை அக்மல் ஆறு மாதமாக அனுபவிக்கிறானே என்றுதான் தோன்றியது. நான் எதையெல்லாம் பொய் என்று ஸ்டாண்டில் பேசினேனோ அதெல்லாம் உண்மை.

மேலே போய் நின்றபோது பதினெட்டு. அக்மல் சொன்ன அதே எண். பிறகு இரண்டு ஊருக்குப் போய்வந்ததில் பதினாலு. அதுவும் அவன் சொன்னதுதான். "கணக்குச் சரியா இருக்கே" என்றார் டாக்டரம்மா. எனக்கு வாய் கசந்தது.

ஒரு மணிக்குக் கிளம்புகிற நேரத்தில் தென்மலைப் பக்கம் இருந்து ஆள் ஓடி வந்தான். தோட்டத்தில் வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் நழுவித் தொடையில் இறங்கிவிட்டதாம். போய் ஏற்றிக்கொண்டு வந்தோம். தங்கமுத்து என்று பெயர், முப்பது வயது இருக்கும். டாக்டரம்மா இறுக்கிக் கட்டுப்போட்டார். "ரத்தம் நின்னுருச்சு, ஆனா உள்ள தைக்கணும். பெரியாஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்று அவனைப் பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்கவைத்துக் கூடவே உட்கார்ந்தார். அந்தச் சுற்றில் இன்னொரு ஐந்து போயிருந்தது. திரையில் ஒன்பது.

ஒன்பதும் ஏழும் பதினாறு. வீடு போய்ச் சேர்ந்து மிச்சமும் இருக்கும்.

இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் என் இடது கை தானாகப் போனது. மலை இறங்கும்போது நியூட்ரல் போடுவது எங்கள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். தப்பு என்று தெரியும், போலீஸ் பார்த்தால் பிடிப்பான் என்றும் தெரியும். பதினெட்டு வளைவு நியூட்ரலில் இறங்கினால் முக்கால் லிட்டர் மிச்சம். முக்கால் லிட்டர் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு. டீசல் ஓட்டுகிறவன் கைக்கு இறக்கத்தைக் கண்டால் நியூட்ரல் என்று அதுவே தெரியும், மூளையைக் கேட்காது. அப்படித்தான் திருகைத் திருப்பிவிட்டேன். அதுவரை நான் செய்தது பிழைதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வண்டி காற்றாய் இறங்கியது. பிரேக்கை மிதித்து மிதித்து வளைவில் திருப்பினேன். மூன்றாவது வளைவு, நாலாவது வளைவு. திரையில் ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. பாத்தியா, ஏறலை, பொய்தானே சொன்னான் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஆறாவது வளைவில்தான் 'டி-யிலயே எறக்கு' என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. திருகைப் பார்த்தேன். என்-னில் இருந்தது.

ஒரு விரலால் திருப்பினால் போதும். இன்னும் பன்னிரண்டு வளைவு மிச்சம் இருந்தது. நாலோ ஐந்தோ ஏறியிருக்கும்.

நான் திருப்பவில்லை.

இருக்கிற ஒன்பது பெர்சென்ட்டிலேயே ஊருக்குள் போய்விடலாம் என்று நினைத்தேன். போய் இறங்கும்போது அந்த நோட்டில் ஏழு என்றோ ஆறு என்றோ எழுதுவார்கள். ஆறு என்ற எண்ணைப் பார்த்தால் டிரஸ்டில் யாரும் சரி என்று சொல்லமாட்டார்கள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பின்சீட்டில் தொடை கிழிந்த ஒருவன் படுத்திருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை.

"அண்ணே, ஏதோ கருகுற வாசம் வருதே" என்றார் டாக்டரம்மா.

"பிரேக் மேடம். இந்த வண்டி கனம் ஜாஸ்தி" என்றேன்.

செக்போஸ்டில் எட்டு. நத்தம் ரோட்டில் ஏறியபோது திருகை டி-யில் வைத்தேன். தரையில் வேகமாகப் போனால் இன்னும் சீக்கிரம் குறையும் என்பது எனக்குத் தெரியாது. டீசலில் முள் சிவப்பைத் தொட்டாலும் நாற்பது கிலோமீட்டர் ஓடும். இது அப்படி இல்லை. ஐந்து என்று வந்ததும் திரையில் ஒரு மஞ்சள் ஆமைப் படம் வந்தது. மிதித்தால் போகவில்லை. வேகம் முப்பது, இருபத்தைந்து, இருபது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"என்னாச்சு?"

"தெரியல மேடம். சார்ஜ் எறங்கிருச்சு."

"இறங்கும்போது ஏறும்னு அக்மல் சொன்னாரே?"

"ஏறலையே மேடம்."

பின்சீட்டில் இருந்து தங்கமுத்து மெல்லச் சொன்னான். "அண்ணே, தார் ஏத்துன வண்டியில வந்திருந்தா இந்நேரம் ஊசி போட்டு டீயும் குடிச்சிருப்பேன்."

அதுவும் நடந்தது. பின்னால் வாழைத்தார் ஏற்றிய மினிலாரி வந்தது. டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். தங்கமுத்துவை நான்தான் தூக்கி அந்தக் கேபினில் ஏற்றினேன். அவன் கட்டுத் துணியில் புதிதாக ரத்தம் கசிந்திருந்தது. என் சட்டையிலும் பட்டது. டாக்டரம்மாவும் கூட ஏறிக்கொள்ள, லாரி போனது. நான் வண்டியைப் புளியமரத்தடியில் ஓரம்கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

தங்கமுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினாலு தையல். இப்போது நன்றாக நடக்கிறான். ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் போன் செய்ததும் அக்மல் நூர் அகமதுவின் வண்டியில் வந்து இறங்கினான். அதே வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் அல்வாப் பொட்டலம்.

"முடிவாயிருச்சு மாப்ள. மாஷா அல்லா, நல்ல குடும்பம். இந்தா, வாயத் தொற." அல்வாவை எனக்கு ஊட்டிவிட்டான். அப்புறம்தான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். முகம் மாறியது. "எறங்கும்போது எம்புட்டு ஏறிச்சு?"

"ஏறவே இல்ல."

"ஏழு ஏறணுமே. எப்பவும் ஏறும்." என் முகத்தைப் பார்த்தான். "பழக்கத்துல நியூட்ரல் கியூட்ரல் போட்டுட்டியா?"

அல்வா இன்னும் வாயில்தான் இருந்தது. அவன் திட்டவில்லை, சும்மாதான் கேட்டான். ஆமாம் என்றிருந்தால், அடப்பாவி என்று முதுகில் ஒரு அடி போட்டிருப்பான். டாக்டருக்குப் போன் செய்து நானே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்த்திருப்பார்கள்.

"நான் என்ன நேத்து வண்டி புடிச்சவனா?" என்றேன்.

"அதானே" என்றான். நம்பிவிட்டான்.

நூர் அகமது பின்னாலிருந்து சிரித்தார். "சொன்னேன்ல, பொம்மைக் காருன்னு. சாவி திருகுனாத்தேன் ஓடும்."

அக்மல் முதல் தடவையாக அவரோடு மல்லுக்கட்டாமல், குனிந்து திரையையே பார்த்தான்.

மறுநாள் டாக்டரம்மா போன் செய்தார். "பொன்னழகண்ணே, ரிஸ்க் எடுக்க முடியாது. பேஷன்ட ஏத்துற வண்டி. பழையபடி உங்க டீசலே வரட்டும். டிரஸ்ட்ல பேசிட்டேன், கிலோமீட்டருக்கு ஒரு ரூபா கூட்டியும் குடுக்கச் சொல்லியிருக்கேன்."

அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன். அறிவுச்செல்வியிடம் சொன்னேன். "அக்மலண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று நானே தேய்த்துக்கொண்டேன்.

அக்மல் வண்டியை மதுரைக்குக் கொண்டுபோய் சர்வீசுக்கு விட்டான். நாலு நாள் அங்கேயே கிடந்தது. எல்லாம் சோதித்துவிட்டுக் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அதுதான் அவனை அரித்தது. குறை என்று சொல்லியிருந்தால் மாற்றியிருப்பான். குறையே இல்லாமல் மலையில் கைவிட்ட வண்டியை என்ன செய்வது? மலை டிரிப்பை விட்டுவிட்டான். பழனி, ஒட்டன்சத்திரம், மதுரை என்று தரையிலேயே ஓட்டினான். வண்டியை எடுக்கும் முன்பு இரண்டு தடவை திரையைப் பார்ப்பான். ஸ்டாண்டில் யார் என்ன கிண்டல் செய்தாலும் தலையைக் குனிந்துகொள்வான். பாஸிலாவின் நிக்காஹுக்கு என் வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை வந்தது. அக்மலின் மனைவி ஷமா தங்கச்சி, "அண்ணே, நீங்க இல்லாம சபை நடக்காது" என்றது. போனேன். பிரியாணி சாப்பிட்டேன். மொய் எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை சிறுமலை போய்விட்டு வந்து நின்றபோது முழங்கால் பழையபடி பூட்டிக்கொண்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்மல் வந்தான். இடது காலை லேசாகத் தாங்கி நடந்த மாதிரி இருந்தது.

"என்ன, ஒனக்கும் திரும்ப வந்துருச்சா?"

"இல்ல இல்ல, கல்லு குத்திருச்சு." பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மாப்ள, ஒனக்குத் தெரிஞ்ச புரோக்கர் யாரும் இருக்கானா? வண்டியக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

"ஏன்லே?"

"மனசு விட்டுப் போச்சு. எங்க நிக்குமோ எங்க நிக்குமோன்னு ஓட்டுனா அது பொழப்பா? வாங்குன வெலையில பாதிதேன் கேக்குறானுக. போகட்டும். பழையபடி ஒரு டீசல் பாத்துருவோம்."

பாதி விலைக்கு விற்றால் லோன் பாக்கி அவன் தலையில் நிற்கும். மகள் கல்யாணக் கடன் வேறு. மறுபடி கிளட்ச். மறுபடி சேர் போட்டுத் தொழுகை.

"விக்காத" என்றேன்.

"ஏன்?"

"விக்காதன்னா விக்காத."

"அதேன், ஏன்ங்கிறேன்? நீதேன மொத மொத வேணாம்னவன். இப்ப நீயே வக்காலத்து வாங்குறே." அக்மல் சிரித்தான். கண் சிரிக்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்டாண்டு போன் அடித்தது. நூர் அகமது, "ஏலே அக்மலு, பழனி டிரிப்பு" என்று கூப்பிட்டார். அக்மல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவன் வண்டி சத்தமில்லாமல் ரோட்டில் ஏறியது.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஐந்து மாதம். மாதம் பன்னிரண்டு. அறுபது டிரிப் ஓட்டியிருக்கிறேன். அறுபதும் அக்மலுடையது. அதோடு, புளியமரத்தடியில் அவன் கேட்ட கேள்விக்கு 'ஆமா, நியூட்ரல்லதான் எறக்குனேன், தெரிஞ்சேதான்' என்ற பதிலும் நான் அவனுக்கு இன்னும் பாக்கி.